இப்போது திறந்திருக்கிறது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டால் ஆவடி கடைத்தெருவுக்கு ஒரு தனி வாசனை வந்துவிடும். நனைந்த சாக்கு, பஸ் புகை, கொதிக்கிற எண்ணெயில் பஜ்ஜி, மூடி உடைந்த சாக்கடை எல்லாம் சேர்ந்த வாசனை. அதற்குள் குடையை விரித்தும் மடக்கியும் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வரலட்சுமியின் பிழைப்பு. அவள் பேர் பாதிக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. 'மேப்புப் பொண்ணு' என்றால் தெரியும்.

கடையைப் போனில் தெரிய வைப்பாள். வாசலைப் படம் எடுத்து, பேர், நம்பர், வழி, நேரம் எல்லாம் போட்டு மேப்பில் ஏற்றுவாள். பண்டிகை வந்தால் ரீல்ஸ் எடுத்துத் தருவாள். அக்கம்பக்கத்துப் பெண்களைப் பிடித்து, போகாத கடைக்கும் சாப்பிடாத பிரியாணிக்கும் ஐந்து நட்சத்திரம் போட வைப்பாள்.

அன்றைக்குக் காலையில் மாவு மில் பரந்தாமனிடம் நின்றுகொண்டிருந்தாள். மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. தும்மாமல் பேசுவதற்கே பழக்கம் வேண்டும்.

"இன்னாம்மா, உன் மேப்புல என் கடைய ஏத்துனா மொளகா தானா வந்து அரைச்சிக்குமா?" என்றார் பரந்தாமன். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் மாவு.

"தானா வராது அண்ணாத்தே. தேடுறவங்க வருவாங்க. புதுசா குடி வர்றவங்களுக்கு மில்லு எங்க கீதுன்னு எப்படித் தெரியும்? போன எடுத்து 'மாவு மில்'னு தட்டுவாங்க. உங்க பேரு மொதல்ல வரணும்ல?"

"மொதல்ல வருமா?"

"அதுக்குத்தானே நான் கீறேன். எத்தன மணிக்கு சாத்துவீங்க?"

"எட்டு. கரண்டு போனா ஆறு. சம்சாரம் கூப்டா அஞ்சு."

வரலட்சுமி சிரித்துவிட்டு, போனில் எதையோ தட்டினாள். "இருபத்து நாலு மணி நேரம்னு போட்டுடறேன்."

பரந்தாமன் மில்லை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் தெருவில் பெய்கிற மழை சட்டென்று காதில் விழுந்தது. "அடிப்பாவி! நடுராத்திரில எவனாவது மொளகாய தூக்கினு வந்து கதவத் தட்டுனா?"

"எவன் அண்ணாத்தே நடுராத்திரி மொளகா அரைக்க வருவான்? இது சும்மா. எப்பத் தேடுனாலும் 'இப்போது திறந்திருக்கிறது'ன்னு பச்சையா காட்டும். பச்சை காட்டுனா மேல வரும். எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது அவள் புருஷன் ஸ்ரீகாந்த். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். வலது கையில் மூன்று விரல்களை மெஷின் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சேக்காட்டு வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் போனைத் தள்ளித் தள்ளி, வீடியோ பார்த்தே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டான். அவனுக்கு வெளியே போகக் கூச்சம். கையைப் பார்ப்பார்கள். அதனால் நடையும் பேச்சும் அவளுக்கு, போனும் கம்ப்யூட்டரும் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சில சாயங்காலங்களில் அவன் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டுவான். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் அவர்கள் ஏற்றிய கடைகள் சிவப்பாக நிற்கும். பூமிக்கு மேலே இன்னொரு ஊரை அவர்களே கட்டிவிட்டது போல இருக்கும் அவளுக்கு. அந்த ஊரில் மழை கிடையாது. அங்கே எந்தக் கடையும் சாத்துவதில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு குழம்பு வைத்தாள். மழைக்கு இதமாகக் கருவாடு. மண்சட்டியில் புளி கொதித்து வருகிற நேரம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"லட்சுமி, பாரிவாக்கம் டாக்டருக்கு அஞ்சு ஸ்டாரு விழுந்துகீது."

"யாரு, நம்ம சுதாவா?" சுதா எதிர்வீட்டுப் பெண். ரீசார்ஜ் செய்து கொடுத்தால் எந்தக் கடையையும் புகழ்ந்து எழுதுவாள்.

"சுதா இல்ல. யாரோ செல்வகுமாராம். நம்மாளு இல்ல, நெஜ ஆளு!"

நிஜ ஆள் தானாக வந்து ஐந்து நட்சத்திரம் போடுவது அபூர்வம். வரலட்சுமி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னா எழுதிகீறாரு? படி. டாக்டர் வூட்டம்மாகிட்ட காட்டலாம்."

ஸ்ரீகாந்த் படிக்க ஆரம்பித்தான். பாதியில் குரல் இறங்கியது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. போனை அவள் பக்கம் நீட்டினான்.

'போன வாரம் ராத்திரி பொண்ணுக்கு மூச்சு வாங்குச்சு. மேப்ல இப்ப தொறந்து கீதுன்னு போட்டு இருந்தது. மழைல தூக்கினு போனோம். கேட்டு பூட்டி இருந்தது. ரொம்ப நேரம் தட்டினோம். யாரும் வரல. வேற ஆஸ்பத்திரி போறதுக்குள்ள வழியிலயே பொண்ணு செத்துட்டா. பேரு கார்த்திகா.'

மேலே ஐந்து மஞ்சள் நட்சத்திரங்கள். கீழே, அதற்குள்ளாகவே, டாக்டர் பெயரில் ஒரு பதில்: 'தங்கள் அன்பான வார்த்தைகளுக்கு மிக்க நன்றி! தங்கள் புன்னகையே எங்கள் வெற்றி. மீண்டும் வருக!'

"இத யாரு போட்டது?" என்றாள்.

"யாரும் போடல. அஞ்சு ஸ்டார் வந்தா தானா போற மாதிரி நான்தான் வச்சிருந்தேன். போன மாசம் வச்சேன். உங்கிட்டகூட காட்டினேன்."

"எடு. மொதல்ல அத எடுய்யா!"

அவசரத்தில் அவன் விரலில்லாத கையால் தொட்டான். பிறகு இடது கையால் தொட்டான். பதில் அழிந்தது. செல்வகுமார் எழுதியது மட்டும் நட்சத்திரங்களோடு நின்றது. அடுப்பில் குழம்பு தீய்ந்து, கருவாட்டுப் புகை வீடு முழுவதும் சுற்றியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் பண்றதுதான் லட்சுமி," என்றான் ஸ்ரீகாந்த். "நம்ம மட்டுமா பண்றோம்?"

அவள் எழுந்து போய் சட்டியை இறக்கி முற்றத்து மழையில் வைத்தாள். சூடான மண் சீறியது. திரும்பி வந்து, டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போட்ட இருபத்து நாலு மணி நேரத்தை எடுக்கச் சொன்னாள். அவன் எடுத்தான்.

மறுநாள் காலையில் ஜெகதாம்பாள் கூப்பிட்டு அனுப்பினாள். பாரிவாக்கம் டாக்டர் இராமகிருஷ்ணனின் மனைவி. கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. டோக்கன் கொடுப்பது, கணக்குப் பார்ப்பது, அதட்டுவது எல்லாம் அவள்தான். டாக்டர் ஊசி போடுவதோடு சரி.

பாரிவாக்கம் சாலை முழுக்கச் சேறு. பிளாட் போட்ட வயல்களில் தண்ணீர் நின்று, எல்லைக் கற்களின் தலை மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் நேரம் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. காலை பத்திலிருந்து ஒன்று, மாலை ஐந்திலிருந்து எட்டரை. இத்தனை முறை வந்தும் அதை அவள் நின்று படித்ததில்லை. அதற்குப் பக்கத்தில் இரும்பு கேட். அது பூட்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பார்த்தாள்.

"உள்ள வா. கதவச் சாத்து," என்றாள் ஜெகதாம்பாள். "பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன் மேடம்."

"அஞ்சு ஸ்டார் போட்டுட்டு இப்படி எழுதுவானா ஒருத்தன்? ஸ்டாரப் பார்த்து முதல்ல சந்தோஷப்பட்டேன். அப்புறம் என் தங்கை போன் பண்ணி, கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியான்னு கேட்டா. இத எடுக்க முடியுமா, முடியாதா?"

"நம்ம எடுக்க முடியாது மேடம். எழுதுனவங்கதான் எடுக்கணும்."

"அப்ப எடுக்க வை."

டாக்டர் உள்ளறைக் கதவோரம் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். "அந்தக் குழந்தை எனக்குத் தெரியும்," என்றார். "வீசிங். சாயங்காலத்துல ரெண்டு மூணு தடவை வந்திருக்கா. நெபுலைசர் வச்சா சிரிப்பா, புகை வருதுன்னு." மாடிப் பக்கம் பார்த்தார். "அன்னிக்கி சத்தம் கேட்ட மாதிரிதான் இருந்தது. யாராவது குடிச்சிட்டு…"

"நீங்க உள்ள போங்க," என்றாள் ஜெகதாம்பாள்.

அவர் போனார். கதவு சாத்தப்படாமல் பாதியில் நின்றது.

"அவர் சொன்னது உன் காதுல விழல. புரியுதா? செம்பரம்பாக்கத்துல, ஏரிக்குப் பின்னால குடோன் லைன்ல அவங்க வீடு. போய்ப் பேசு. நீ பொம்பள, பாவம்னு கேப்பாங்க. அழுதாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி. இன்னிக்குள்ள அது அங்க இருக்கக்கூடாது."

"எடுக்கமாட்டேன்னு சொன்னா மேடம்?"

"அப்ப போலீஸ் கேட்டா உன் பேரச் சொல்லுவேன். இருபத்து நாலு மணி நேரம்னு எழுதச் சொன்னது நானா?"

"நீங்களும் பார்த்தீங்களே மேடம். கூட்டம் வந்தா நல்லதுதானேன்னு சொன்னீங்க."

"சொன்னேனா? யார் கேட்டாங்க?" ஜெகதாம்பாள் மேஜையிலிருந்த டோக்கன் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "உனக்கு வேற டாக்டர்களை எல்லாம் பிடிச்சுக் கொடுத்தது நான். நான் வேண்டாம்னு சொன்னா இந்தப் பக்கம் உனக்கு ஒரு பெட்டிக்கடைகூடக் கிடைக்காது. வீட்டுக்காரருக்குக் கை வேற அப்படி. யோசிச்சுக்கோ."

வரலட்சுமி பஸ்ஸில் யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. செல்வகுமார் எழுதியது போகவில்லையென்றால் தொழில் போகும். தொழில் போனால் அந்த மூன்று விரல் இல்லாத மனிதனை எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனாக நிற்கச் சொல்ல வேண்டும். அவன் நிற்கமாட்டான். என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் 'உங்க பொண்ணு' என்கிற இடத்தில் வந்து நின்றது.

ஏரி விளிம்பு வரைக்கும் வந்திருந்தது. மதகு திறப்பார்களா மாட்டார்களா என்று பஸ் முழுக்கப் பேச்சு. குடோன்களின் பின்பக்கம் வரிசையாக ஷீட் போட்ட வீடுகள். ஷீட்டின்மேல் விழுகிற மழையில், பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டியிருந்தது. செல்வகுமாரின் வீட்டு வாசலில் சின்ன ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. மழை அதை நிரப்பியிருந்தது.

அவன் லோடு ஏற்றுகிறவன். தோள் அகலம். தாடி மழிக்கவில்லை. குடையோடு நின்ற பெண்ணைப் பார்த்ததும், "நனையாதீங்க, உள்ள வாங்க," என்றான். "ரேஷன் ஆபீஸுங்களா? கார்டுல பாப்பா பேரு எடுக்கணும்னு வந்தீங்களா?"

"இல்லண்ணா. பாரிவாக்கம் டாக்டர் அனுப்புனாங்க."

அவன் முகம் மாறவில்லை. ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டான். "ஷர்மிளா, டீ வை," என்றான் உள்பக்கம் பார்த்து. உள்ளேயிருந்து கைக்குழந்தையின் இருமல் மட்டும் வந்தது.

"டீ வேணாம்ணா."

"குடிங்க. மழைல வந்துகிறீங்க."

வரலட்சுமி உட்கார்ந்தாள். தயார் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. "நீங்க மேப்புல எழுதினீங்கல்ல…"

"ஆமா. குடோன்ல கூட இருக்கிற பையன் சொன்னான், அங்க எழுதினா டாக்டருக்குப் போவும்னு. எழுதினேன். எழுதி முடிச்சா போவ மாட்டேன்னுது. நட்சத்திரத்த அமுக்குன்னுச்சு. எத்தினின்னு தெரியல. அஞ்சையும் அமுக்கினேன். போச்சு."

"அஞ்சுன்னா ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம்ணா," என்றாள். ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை.

அவன் அவளையே பார்த்தான். பிறகு கையை விரித்துப் பார்த்தான், கை ஏதோ செய்துவிட்டது போல. "அதான் நன்றின்னு வந்துச்சா? மறுபடியும் வாங்கன்னு. நானு ரெண்டு தபா படிச்சேன். ஷர்மிளாகிட்ட காட்டலாம்னு எடுத்தா காணல. எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிகீதுன்னு நெனச்சேன்."

"இல்லண்ணா. அது வந்துச்சு. மெஷினு போட்டது."

"மெஷினா?"

"ஆமாண்ணா."

ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம், யாரோ 'வா வா வா' என்று கத்துகிற சத்தம் எல்லாம் மழையோடு வந்தது. அவன் அது முடியும்வரை காத்திருந்தான்.

"போற வழில ஒரு பெரிய ஆஸ்பத்திரில லைட்டு எரிஞ்சிகினு இருந்துச்சு. ஷர்மிளா சொன்னா, இங்கியே இறக்குன்னு. நான்தான் ஒத்துக்கல. நம்ம டாக்டரு கீறாரு, பாப்பாவத் தெரியும், போன்லயும் தொறந்து கீதுன்னு போட்டுகீதுன்னு வண்டிய முறுக்கினேன். பாப்பாவ வண்டில முன்னாடி உட்கார வச்சிருந்தேன். கேட்டுகிட்ட போனப்ப பேசினா. 'நைனா, பூட்டு தொங்குது'ன்னா." அவன் நிறுத்திக்கொண்டான். "இருபத்து நாலு மணி நேரம்னு எழுதுனது யாரு? டாக்டரா?"

இதற்கு ஒரு பொய் அவளிடம் தயாராக இருந்தது. யாரோ தெரியாதவர்கள் மாற்றியிருப்பார்கள், மேப்பில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பஸ்ஸிலேயே யோசித்து வைத்தது.

"நான்ண்ணா," என்றாள்.

உள்ளே இருமல் நின்றது. டீ கொதிக்கிற வாசனை வந்தது.

"நீங்களா? நீங்க நர்ஸா?"

"இல்ல. கடைங்களுக்கெல்லாம் போட்டுக் கொடுக்கறது என் வேலை. அப்படிப் போட்டா பேரு மேல வரும்ணா. அதுக்காகப் போடறது. யாரும் நெஜமாவே ராத்திரில வருவாங்கன்னு…"

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் எழுந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து, அவளிடம் நீட்டினான். மூலையில் விரிசல் விட்ட கண்ணாடி.

"எடுக்கச் சொல்லத்தானே அனுப்புனாங்க? எடுத்துடுங்க. எனக்கு எடுக்கத் தெரியாது. அது அங்க இருந்து இன்னா ஆவப்போவுது."

அவ்வளவுதான். அழவும் வேண்டியிருக்கவில்லை, காலில் விழவும் வேண்டியிருக்கவில்லை. போன் அவள் உள்ளங்கையில் இருந்தது. இரண்டு தடவை தொட்டால் போய்விடும். தொழில் நிலைக்கும், ஜெகதாம்பாள் சிரிப்பாள், ஸ்ரீகாந்த் மூச்சு விடுவான். அவள் பக்கத்தைத் திறந்தாள். அழிக்கும் குறி வந்தது. கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

"இருங்க."

ஷர்மிளா வாசலுக்கு வந்திருந்தாள். ஒரு கையில் டீ டம்ளர். இடுப்பில் கைக்குழந்தை, பையன். மூக்கு ஒழுகியிருந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம் வந்தது, உள்ளே ஈர மணலை அரைப்பது போல. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வரலட்சுமிக்கு எதிரே உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"எல்லா ஆஸ்பத்திரிக்கும் நீதான் எழுதறியா?"

"இந்தப் பக்கம் நாலஞ்சு எங்களுதுதான்."

"இவனுக்கும் நேத்திலருந்து அதே மாதிரி இழுக்குது." குழந்தையின் முதுகைத் தடவினாள். "மழை விடாதாம். இன்னிக்கி ராத்திரி இவனுக்கு மூச்சு வாங்கினா எங்க தூக்கினு ஓடறது? அதச் சொல்லிட்டு எடு."

வரலட்சுமி அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, மேப்பில் தேடினாள். ஆஸ்பத்திரிகள் வரிசையாக வந்தன. பாரிவாக்கத்தைத் தவிர ஒவ்வொன்றின் கீழும் பச்சை எழுத்து. இப்போது திறந்திருக்கிறது. இப்போது திறந்திருக்கிறது. மேலிருந்து நான்கும் அவள் ஏற்றியவை. வாசல் படங்கள் அவள் எடுத்தவை, எல்லாம் வெயில் அடிக்கிற பகலில். கீழே போகப் போக அவள் ஏற்றாதவை. அவற்றிலும் அதே பச்சை. ஸ்ரீகாந்தைப் போல இன்னொருவன், எங்கேயோ ஒரு கட்டிலில் உட்கார்ந்து போட்டிருப்பான்.

"எது?" என்றாள் ஷர்மிளா. தலையைச் சாய்த்து அவளும் திரையைப் பார்த்தாள். குழந்தை எட்டிக் கையை நீட்டியது. "இதுல நெஜமா தொறந்து கீறது எது?"

ஒன்றில் டாக்டர் சாயங்காலம் மட்டும் வருவார் என்று தெரியும். மற்றதில் யார் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்கமாட்டாள்.

"சொல்லு. நீதானே எழுதின?"

"தெரியாதும்மா," என்றாள் வரலட்சுமி. "போன்ல பார்க்காதீங்க. அன்னிக்கி லைட்டு எரிஞ்சுதுன்னீங்களே, அங்கியே போங்க. இப்பவே போங்க, ராத்திரி வரைக்கும் வேணாம்."

ஷர்மிளா அவள் கையிலிருந்த போனை மெதுவாக எடுத்துக்கொண்டாள். திரையை இடமும் வலமும் தள்ளினாள். புருஷன் எழுதியது வந்ததும் நிறுத்தினாள். முதல் தடவையாகப் படிக்கிறாள் என்று தெரிந்தது. எழுத்தின்மேல் விரலை வைத்து, கடைசி வரி வரைக்கும் போனாள்.

"அப்ப இது இருக்கட்டும்," என்றாள். "இத்தினில இது ஒண்ணுதான் நெஜம்."

செல்வகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினான். ஷர்மிளா குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றினாள். வரலட்சுமியின் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்க்காமலே ஜெகதாம்பாள்தான் என்று தெரிந்தது. அது அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, தன் குடையை விரித்து, வண்டி வரைக்கும் குழந்தையின்மேல் பிடித்துக்கொண்டு போனாள்.